ஃபுளோரிடாவில் ஓபியாய்டு வலி மாத்திரை: 3 நாள் விதியும் 7 நாள் விலக்கும்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகோ, குடல்வால் அறுவை முடிந்த பிறகோ, மணிக்கட்டு எலும்பு முறிந்தோ அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மருத்துவமனையை விட்டு வருபவரிடம் ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைக்கான சீட்டு இருந்தால், அது பெரும்பாலும் 3 நாளுக்கானதாகத்தான் இருக்கும். இந்த அளவை வகுத்திருப்பது மாநிலச் சட்டம். 2018 மார்ச்சில் அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநிலச் சட்டத் தொகுப்பின் 456.44ஆம் பிரிவில் இதைப் பார்க்கலாம்.

விதி இதுதான். அறுவை, காயம், திடீர் நோய் ஆகியவற்றால் வந்து குறிப்பிட்ட காலத்தில் தணியக்கூடிய வலியைச் சட்டம் 'அக்யூட் பெயின்' என்கிறது. அந்த வலிக்கு, அடிமையாக்கும் ஆபத்தை வைத்து மருந்துகளை வகைப்படுத்தும் அரசுப் பட்டியல்களில் அட்டவணை 2இல் உள்ள ஓபியாய்டு மருந்தை 3 நாளுக்கு மேல் எழுதிக் கொடுக்கக் கூடாது. 7 நாள் வரை நீட்ட வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். அது மருத்துவ ரீதியாக அவசியம் என்று மருத்துவர் கருத வேண்டும். என்ன உபாதை, மாற்றுச் சிகிச்சை ஏன் இல்லை என்பதை நோயாளியின் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். சீட்டின் மேலேயே 'அக்யூட் பெயின் எக்ஸெப்ஷன்' (குறுகிய கால வலிக்கான விலக்கு) என்று குறிப்பிட வேண்டும். நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது இந்தக் கடைசி மூன்று சொற்கள்தான்.

எந்த மருந்துகளுக்கு இது பொருந்தும் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. ஆக்ஸிகோடோன், மார்ஃபின், ஹைட்ரோமார்ஃபோன் எல்லாம் அட்டவணை 2. அசெட்டமினோஃபென் (நம் ஊரில் பாராசிட்டமால்) கலந்த ஹைட்ரோகோடோன் மாத்திரையும் அதில்தான் வரும். 2014 அக்டோபரில் அமெரிக்க மத்திய அரசு அதை அட்டவணை 3இலிருந்து 2க்கு மாற்றியது. டிரமடால் இருப்பது அட்டவணை 4இல். கோடீன் கலந்த அசெட்டமினோஃபென் மாத்திரை அட்டவணை 3இல். ஆகவே இந்த இரண்டுக்கும் 3 நாள் வரம்பு கிடையாது. அதனால் இவை ஆபத்தில்லாத மருந்துகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரமடாலுக்கு வலிப்பு வரவழைக்கும் குணம் உண்டு; மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் டிரமடால் எடுக்கக் கூடாது.

இனி கணக்கு. சட்டம் எத்தனை மாத்திரை என்று சொல்லவில்லை, எத்தனை நாள் என்றுதான் சொல்கிறது. அந்த நாள்களை மருந்தாளுநர் சீட்டில் உள்ள உட்கொள்ளும் முறையை வைத்துக் கணக்கிடுவார். '6 மணி நேரத்துக்கு ஒன்று, வலி இருந்தால்' என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு 4 மாத்திரை. 3 நாளுக்கு 12, 7 நாளுக்கு 28. '4 மணி நேரத்துக்கு ஒன்று' என்றால் 3 நாளுக்கு 18. '4 முதல் 6 மணி நேரத்துக்கு 1 அல்லது 2' என்று தளர்வாக எழுதினால், அதிகபட்ச அளவில் கணக்குப் போட்டு நாளைக்கு 12 மாத்திரை என்று ஆகிவிடும். 'வலி இருந்தால்' என்ற சொல் கணக்கைக் குறைக்காது. நீங்கள் இரவில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதாக இருந்தாலும், சீட்டில் இருப்பதுதான் கணக்கு.

பழைய வழக்கப்படி 30 மாத்திரை என்று கை தானாக எழுதும்போதுதான் சீட்டு மாட்டிக்கொள்கிறது. 6 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் 30 மாத்திரை ஏழரை நாளுக்கு வரும். விலக்குச் சொற்கள் இருந்தாலும் அது வரம்பைத் தாண்டிவிட்டது. 20 மாத்திரை 5 நாளுக்கு வரும். விலக்குச் சொற்கள் இல்லாவிட்டால் அதுவும் நிற்கும். மருந்தாளுநர் மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பியவருக்கு அந்த அழைப்பு திங்கள்கிழமை வரை இழுக்கலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே, செவிலியரிடம் சீட்டு எத்தனை நாளுக்கு, 3க்கு மேல் என்றால் விலக்குச் சொற்கள் சேர்த்தாயிற்றா என்று இரண்டே கேள்வி கேட்டுவிடுங்கள்.

யாருக்கு இந்த வரம்பே இல்லை? புற்றுநோய் வலி, மரணத்தை நெருங்கிய நோய், குணமாகாமல் வளரும் நோய்க்கான வலிதணிப்புச் சிகிச்சை ஆகியவற்றைச் சட்டம் குறுகிய கால வலி என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. நாள்பட்ட வலிக்கும் வரம்பு இல்லை. ஆனால் இவர்களுக்கு எழுதும் அட்டவணை 2 ஓபியாய்டு சீட்டில் 'நான்அக்யூட் பெயின்' (குறுகிய கால வலி அல்ல) என்று குறிப்பிட்டாக வேண்டும். அது விடுபட்டால், புற்றுநோயாளியின் சீட்டையும் பல் பிடுங்கியவரின் சீட்டையும் மருந்தகத்தால் பிரித்துப் பார்க்க முடியாது.

நான்காவது விலக்கு பலத்த காயம். காயத் தீவிர மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மோசமான காயத்துக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுப்பார்கள். அவற்றில் பெரிய மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவதுதான் மதிப்பெண். தொடை எலும்புத் தண்டு முறிந்தால் எண் 3. அதன் வர்க்கம் 9, வரம்பு விலகிவிடும். மணிக்கட்டு முறிவு பொதுவாக 2, அதாவது வெறும் 4. இரண்டு பகுதிகளில் 2, மூன்றாவதில் சிராய்ப்பு போன்ற 1 இருந்தால் 4+4+1 என்று 9ஐத் தொடும். இந்த விலக்கில் அட்டவணை 2 மருந்து எழுதும் மருத்துவர், கூடவே அளவுமீறலை முறிக்கும் மருந்தையும் எழுத வேண்டும். பொதுவாக அது நலோக்ஸோன்.

அறுவை சிகிச்சைக்குத் தனி விலக்கு இல்லை. முழங்கால் மூட்டு மாற்றியவருக்கும் 7 நாள்தான் உச்சம். சட்டத்தின் பலவீனமான இடம் இதுவே என்று தோன்றுகிறது. 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டி, '3 நாள் பெரும்பாலும் போதும், 7 நாளுக்கு மேல் அரிதாகவே தேவை' என்றது. அது முதல்நிலை மருத்துவர்களுக்கான ஆலோசனை. பெரிய அறுவைக்குப் பிந்தைய வலிக்காக எழுதியதல்ல. மாநிலங்கள் அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை உதறிவிட்டு எண்ணை மட்டும் சட்டமாக்கின. 2022இல் வந்த திருத்திய வழிகாட்டியில் அந்த எண்கள் பரிந்துரையாக இல்லை; ஃபுளோரிடாவின் சட்டத்தில் அப்படியே நிற்கின்றன.

3 நாள் முடிந்தும் வலி தாங்கவில்லை என்றால்? மத்திய சட்டப்படி அட்டவணை 2 மருந்துக்கு மறுநிரப்பு (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) கிடையாது, புதுச் சீட்டு வேண்டும். மருத்துவர் மறுபடி மதிப்பிட்டுப் புதிதாக எழுதுவதைப் ஃபுளோரிடா சட்டம் தடுக்கவில்லை. அந்தச் சீட்டுக்கும் அதே 3, 7 வரம்பு. மாத்திரை தீர்ந்த அன்று கூப்பிடுவதைவிட, இரண்டாம் நாள் காலையிலேயே மருத்துவரின் அலுவலகத்தை அழைப்பது நல்லது.

16 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு இத்தகைய மருந்தை எழுதும் முன், மருத்துவர் 'ஈ-ஃபோர்ஸ்' என்ற மாநிலத் தரவுத்தளத்தில் அவருடைய முந்தைய மருந்துப் பதிவைப் பார்க்க வேண்டும். மருந்தாளுநரும் பார்ப்பார், கொடுத்ததை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதிவேற்றுவார். தளம் இயங்காததால் பார்க்க முடியாமல் போனால் காரணத்தைக் குறித்துவிட்டு, அதிகபட்சம் 3 நாளுக்கு மட்டும் கொடுக்கலாம். ஒரே வாரத்தில் பல் மருத்துவரிடமும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் சீட்டு வாங்கியிருந்தால் இரண்டும் அங்கே தெரியும். கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது மேல். புகைப்பட அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மருந்தகம் மறுத்தால் அது எந்த விதி என்று கேளுங்கள். முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துக் காப்பீட்டில், அண்மையில் ஓபியாய்டு எடுக்காதவர்களுக்கு 2019 முதல் 7 நாள் வரம்பு தனியாக இருக்கிறது. அது காப்பீட்டின் தடை. மருத்துவர் மூலம் விலக்குக் கேட்கலாம். மாநிலச் சட்டத்தின் வரம்பில் காப்பீட்டு நிறுவனத்தால் எதுவும் செய்ய முடியாது.

மிஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் வைக்க வேண்டாம். மருந்தகத்தில் திரும்பப் பெறும் பெட்டி இருந்தால் அதில் போடுங்கள். பக்கத்தில் எங்கும் இல்லாவிட்டால், ஆக்ஸிகோடோனையும் ஹைட்ரோகோடோனையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே அப்படிச் செய்யச் சொல்லும் சில மருந்துகளில் இவையும் உண்டு.