பேரிங்: இணையாக்கம்

ரத்த அழுத்தமானி, விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர், தோலில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சார் என்று கம்பியில்லாமல் போனோடு பேசும் கருவி எதை வாங்கினாலும், பயன்படுத்தத் தொடங்கும்போதே ‘பேரிங்’ (pairing), அதாவது கருவியையும் போனையும் ஜோடியாக்குவது, என்ற சொல் எதிரில் வந்து நிற்கும். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘இணைத்தல்’ என்று எழுதிவிடுகிறோம். தவறில்லை. ஆனால் உடல்நலத் தகவலைக் கையாளும் கருவிக்கு அந்தச் சொல் போதாது என்பது என் கருத்து.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஜோடியைக் குறிக்கும் ‘பேர்’, லத்தீனின் ‘பார்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘பார்’ என்றால் சமம். ஒன்றுக்கொன்று சமமான இரண்டு பொருள்கள் என்பதிலிருந்து ஜோடி என்ற பொருள் பிறந்தது. நம் ‘இணை’யும் இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே சுமக்கிறது. ‘ஈடு இணையில்லாத’ என்கிறபோது சமம், ‘இணையடி’ என்கிறபோது இரு பாதங்கள். யாப்பில் இது இன்னும் கறாராக இருக்கிறது. நாற்சீர் அடியில் முதல் இரண்டு சீர்களில் மட்டும் மோனை வந்தால் அது இணை மோனை. மூன்றாம் சீருக்கும் பரவிவிட்டால் பெயரே மாறிக் கூழை மோனை ஆகிவிடும். இரண்டு மட்டுமே, மூன்றாவதற்கு இடமில்லை. பேரிங் கேட்பதும் இதைத்தான்.

அப்படியானால் ‘இணைத்தல்’ ஏன் போதாது? ‘இணைப்பு’ என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டோம். மின் இணைப்பு, இணைய இணைப்பு, மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பும் இணைப்பு. புளூடூத்தில் கனெக்‌ஷன் வேறு, பேரிங் வேறு. கனெக்‌ஷன் என்பது இரண்டு கருவிகளுக்கு இடையே ரேடியோ வழி திறப்பது. அருகில் வந்தால் திறக்கும், தள்ளிப் போனால் அறுந்துவிடும். எதிரில் இருப்பது யார் என்று அது கேட்பதில்லை. பேரிங்கில்தான் இரு கருவிகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு போகும் வரும் தகவலெல்லாம் அந்தச் சாவியால் பூட்டப்பட்டுத்தான் பயணிக்கும்.

இந்தச் சாவி பிறக்கும் விதம் அழகானது. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-ல் வெளியிட்ட முறை அது. இரு தரப்பும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட வேறொரு எண்ணை வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்கின்றன. முடிவில் இருவரிடமும் ஒரே சாவி இருக்கும். நடுவில் ஒட்டுக்கேட்டவருக்கு நடைமுறையில் அது கிடைக்காது. 2014-ல் வந்த புளூடூத் 4.2 இந்த முறையின், நீள்வட்ட வளைவு என்ற கணிதத்தில் அமைந்த வடிவத்தைக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவிகளுக்கும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 4.0, 4.1 பதிப்புகளின் பேரிங் பலவீனமானது. அந்த நேரத்துப் பேச்சை ஒருவர் பதிவு செய்துவிட்டால் பின்னர் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். பழைய கருவி வைத்திருப்பவர்கள் கூட்டமான காத்திருப்பு அறையில் பேரிங் செய்யாமல் வீட்டில் செய்வது நல்லது.

புதிய முறையிலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சாவி ரகசியமாகப் பிறக்கும், சரி. ஆனால் யாரோடு? மூன்றாவது கருவி ஒன்று நடுவில் புகுந்து, போனிடம் ‘நான்தான் சென்சார்’ என்றும் சென்சாரிடம் ‘நான்தான் போன்’ என்றும் சொல்லி இரண்டு பக்கமும் தனித்தனிச் சாவி வாங்கிவிட முடியும். இதைத் தடுக்கத்தான் திரையில் அந்த 6 இலக்க எண் வருகிறது. இரு திரைகளிலும் ஒரே எண் தெரிகிறதா என்று நீங்கள் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் இருந்தால் எண்கள் தற்செயலாக ஒத்துப்போக 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். எண்ணைப் பார்க்காமல் ‘ஆம்’ என்று தட்டுகிறவர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். தயவுசெய்து பாருங்கள்.

திரையே இல்லாத சென்சார்கள் பல உண்டு. அவற்றுக்கு ‘ஜஸ்ட் வொர்க்ஸ்’ என்றொரு வழி இருக்கிறது. எண் கேட்காது, சாவி உருவாகும், ஆனால் ஆளைச் சரிபார்க்காது. அறையின் வெப்பநிலையைப் பார்க்க அது போதும். இன்சுலின் அளவை முடிவு செய்யும் குளுக்கோஸ் அளவீட்டுக்கு அது மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. கருவியின் மேல் அச்சிட்ட எண்ணைச் செயலியில் பதியச் சொல்வதும், போனை ஒட்டிவைத்து, மிக அருகில் மட்டும் வேலை செய்யும் என்எஃப்சி தொடர்பு வழியாகத் தொடங்கச் செய்வதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியின் இதயக் கருவியில் யாராவது ஊடுருவிவிடலாம் என்ற அச்சத்தால் கம்பியில்லாத் தொடர்பை மருத்துவர்கள் 2007-ல் முடக்கிவைத்தார்கள். 2019-ல் மெட்ரானிக் நிறுவனத்தின் பழைய மினிமெட் இன்சுலின் பம்புகள் சிலவற்றைப் பற்றி அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அருகில் இருக்கும் ஒருவர் கம்பியில்லாத் தொடர்பு வழியாக அவற்றின் அமைப்பை மாற்ற முடியும், மென்பொருளைப் புதுப்பித்து அதைச் சரிசெய்யவும் இயலாது என்பதால் மாற்றுப் பம்புக்குப் போகச் சொன்னது. அளக்க மட்டும் செய்யும் கருவியில் ஆபத்து வேறு வகை. ஒரே மாதிரி ரத்த அழுத்தமானி இரண்டு இருக்கும் வீட்டில் அப்பாவின் அளவு அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டால், மருத்துவர் அதை நம்பி மருந்தை மாற்றுவார்.

இனி, தமிழ்ச்சொல். ‘ஜோடி சேர்த்தல்’ பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும். ஆனால் ஜோடி வடக்கிலிருந்து வந்த சொல், கலைச்சொல்லாக வைக்க ‘இணை’ கையிலேயே இருக்கிறது. ‘இணைசேர்தல்’ விலங்கியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. அதனால் நான் ‘இணையாக்கம்’ என்பேன். இரண்டை ஓர் இணையாக ஆக்குவது. வினையாக ‘இணையாக்கு’ என்று பொத்தானிலும் எழுதலாம். உருவான சாவியை இரு கருவிகளும் சேமித்துவைத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் ‘பாண்டிங்’ என்று பெயர். அதற்குப் ‘பிணைப்பு’ பொருந்தும். ஒருவருக்காக நிற்கும் ஜாமீனையும் தமிழ் ‘பிணை’ என்றே சொல்கிறது, அந்த நம்பிக்கையின் சாயல் இங்கே வேண்டியதுதான். ‘இணைப்பு’ கனெக்‌ஷனுக்கே இருக்கட்டும். மூன்றும் ஒரே வரியில் வந்தாலும் குழப்பமில்லை: கருவியை இணையாக்கியதும் பிணைப்பு சேமிக்கப்படும், அடுத்த முறை இணைப்பு தானாகக் கிடைக்கும்.

இணையாக்கத்தை நீக்குவதற்குப் போன்களில் ‘மற’ என்று இருப்பதைவிட ‘இணைநீக்கு’ தெளிவாக இருக்கும். கருவியை வேறொருவருக்குக் கொடுக்கும்போது போனில் மட்டும் நீக்கினால் போதாது. கருவிக்குள்ளும் பழைய சாவியும் சில சமயம் பழைய அளவீடுகளும் இருக்கும். அதை அழிக்கும் வழியைக் கையேட்டில் தேடி, அப்புறம் கொடுங்கள்.