ரெகுலேட்டர்: விசிறிக்கு ஒன்று, கார்க் கதவுக்கு வேறு

“ரெகுலேட்டர் போயிடுச்சு சார்” என்றார் மெக்கானிக். பதினெட்டு வருடப் பழைய கார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, வானமோ இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது வீட்டுச் சுவரில் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டர்தான். கண்ணாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கதவுக்குள் ஒரு குமிழ் இருக்குமோ என்றுகூட நினைத்தேன். டோர் பேடைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்தது ஒரு தண்டவாளம், ஒரு எஃகுக் கேபிள், இரண்டு கப்பி. கேபிள் பிரிபிரியாகப் பிய்ந்து கிடந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் இந்த அமைப்பைத்தான் அவர் ரெகுலேட்டர் என்றார்; ஆங்கிலத்தில் ‘விண்டோ ரெகுலேட்டர்’.

ஃபேன் ரெகுலேட்டர் வேகத்தை அடக்குகிறது. கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் அழுத்தத்தை அடக்குகிறது. ஆற்றின் குறுக்கே கட்டும் ரெகுலேட்டர் நீரை அடக்குகிறது. அதற்கு ‘நீரொழுங்கி’ என்று நல்ல தமிழ்ப் பெயரும் உண்டு. கார்க் கதவில் இருப்பதோ எதையும் அடக்குவதில்லை. கண்ணாடியைச் சுமந்து ஏற்றுகிறது, இறக்குகிறது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

சொல்லின் வேர் லத்தீன் ‘ரெகுலா’. நேரான கோல், அளவுகோல் என்று பொருள். அதிலிருந்து நேர்ப்படுத்துவது, விதிப்படி நடத்துவது என்று பொருள் விரிந்தது. நமக்கு இது புதிதல்ல: கோல் நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். பழைய ரயில் பெட்டிகளில் சன்னல் கண்ணாடியோடு துளையிட்ட தோல்வார் ஒன்று இருக்கும். எந்தத் துளையை முளையில் மாட்டுகிறோமோ அந்த உயரத்தில் கண்ணாடி நிற்கும். கார்க் கதவில் இருப்பதும் அதுபோல, கண்ணாடி எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று வரையறுக்கும் கருவி என்று பார்த்தால், ஆங்கிலப் பெயரின் நியாயம் விளங்குகிறது. இன்னொரு வேடிக்கை: ‘ரெயில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக இதே ‘ரெகுலா’விலிருந்து வந்ததுதான். கண்ணாடி ஓடும் தண்டவாளமும் அதைத் தாங்கும் கருவியும் பெயரளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த வம்பில் மாட்டவில்லை. ஜெர்மன்காரர் ‘ஃபென்ஸ்டர்ஹேபர்’ என்கிறார், சன்னல் தூக்கி. பிரெஞ்சில் ‘லெவ்-வித்ர்’, கண்ணாடி தூக்கி. இத்தாலியில் ‘அல்ட்சாகிரிஸ்தல்லி’, பளிங்கு தூக்கி. ஸ்பானியச் சொல்தான் எனக்குப் பிடித்தது: ‘எலேவாலூனாஸ்’. ‘லூனா’ என்றால் கண்ணாடித் தகடு; நிலவுக்கும் அதுவே பெயர். நிலவை ஏற்றும் கருவி!

தமிழில் என்ன சொல்லலாம்? அகராதியைப் பிரித்தால் ‘ஒழுங்கி’, ‘சீராக்கி’ வரும். அவை விசிறிக்குப் பொருந்தும், கார்க் கதவுக்குப் பொருந்தா. ‘சாளரத் தூக்கி’ என்றால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். ‘சன்னல்’ போர்ச்சுகீசிய ‘ஜனேலா’ வழியில் வந்தது, யாழ்ப்பாணத்தில் ‘யன்னல்’. ஆனால் காரில் நாம் சன்னலை ஏற்றுவதே இல்லை. “கண்ணாடிய ஏத்து, மழை வருது” என்றுதான் சொல்கிறோம். வினையும் அதிலேயே இருக்கிறது: தூக்கு அல்ல, ஏற்று. ஆகவே ‘கண்ணாடி ஏற்றி’. இறக்கவும் செய்கிறதே என்று கேட்கலாம். மின்தூக்கி இறங்குவதில்லையா? கிணற்றுக்குள் ‘சால்’ என்னும் பெரிய வாளியைக் கீழே இறக்கித்தான் நீரை மேலே கொண்டுவந்தோம். அதற்கு ஏற்றம் என்றுதானே பெயர்! மாடு பூட்டி, கப்பியும் கயிறும் வைத்து நீர் இறைக்கும் கமலையைப் பார்த்தவருக்குக் கேபிள் வகைக் கண்ணாடி ஏற்றியை விளக்கவே வேண்டாம்.

மோட்டார் வைத்ததை ‘மின்னேற்றி’ என்று சுருக்க ஆசை வரும். வேண்டாம், அது சார்ஜருக்குப் போய்விட்டது. ‘பவர் விண்டோ’வைச் ‘சக்திச் சாளரம்’ ஆக்குவது அதைவிட மோசம். இலங்கையில் இதையே ‘பவர் ஷட்டர்’ என்கிறார்கள். அங்கே கார் விற்பனை விளம்பரங்களில் சகஜமான சொல். தொடக்கத்தில் இதில் மின்மோட்டார் நேரடியாகக் கண்ணாடியை இழுக்கவுமில்லை: 1940இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, கண்ணாடியை ஏற்றியது எண்ணெய் அழுத்தம்.

பெயர் பிரித்து அறிவதால் பணமும் மிச்சமாகும். “பவர் விண்டோ வேலை செய்யல” என்று மொத்தமாகச் சொன்னால் மொத்தமாகவே மாற்றிவிடுவார்கள். கதவில் காதை வையுங்கள். சுவிட்சை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது, கண்ணாடி அசையவில்லை. அல்லது கடகடவென்று சத்தம், கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது: ஏற்றிதான் போயிருக்கிறது. கேபிளோ, கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்போ உடைந்திருக்கும். சத்தமே இல்லையா? முதலில் ஃப்யூஸ், அடுத்து சுவிட்ச், அடுத்து கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர். பழைய கார்களில் கதவைத் திறந்து மூடியே அந்த வயர் அறுந்திருக்கும். சுவிட்சை அழுத்தியபடி கதவைக் கையால் நாலு தட்டு தட்ட, கண்ணாடி அசைந்தால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்த வித்தை சில நாள் தாங்கும். மெதுவாக, முனகிக்கொண்டு ஏறினால், கண்ணாடியின் ஓரம் ஓடும் சேனல் ரப்பர் காய்ந்திருக்கிறது. சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் போதும். எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

ஏற்றியைக் கழற்றுமுன் கண்ணாடியை மேலே தள்ளி, கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். கத்தரிக்கோல் போலக் கைகள் பின்னிய பழைய வகையாக இருந்தால் கூடுதல் கவனம். கண்ணாடியின் பாரத்தைச் சமன்செய்ய அதில் சுருள்வில் ஒன்று முறுகி நிற்கும். ஏற்றியின் கை அசையாதபடி கட்டாமல் மோட்டாரை விடுவித்தால், வில் விடுபட்டு அந்தக் கை நம் விரலைப் பதம் பார்க்கும்.

என் காருக்குச் சாமான் வாங்கப் போன கடையில் “கண்ணாடி ஏற்றி இருக்கா?” என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “எந்தப் பக்கம் சார்? மோட்டாரோடயா, மோட்டார் இல்லாமயா?” என்றார்.