நம் முடிவு வேறொருவர் பேப்பரில் வந்துவிட்டால்

போன மாதம் ஒருநாள் காலை, நான் லேபைத் திறப்பதற்கு முன்பே என் மாணவி வாசலில் நின்றிருந்தாள். கையில் பிரிண்ட் எடுத்த ஆய்வுக்கட்டுரை. "மேடம், நாலு வருஷம் போச்சு" என்றாள்.

உப்பு ஏறிய நிலத்தில் நெல் தாக்குப்பிடிக்க உதவும் ஒரு மரபணுவைப் பற்றியது அவள் ஆய்வு. அதே மரபணு, ஏறக்குறைய அதே முடிவு, வெளிநாட்டுக் குழு ஒன்றின் பெயரில் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் இதை 'ஸ்கூப் ஆயிடுச்சு' என்போம். பி.எச்டி. பிள்ளைகள் பலர் அன்றோடு வேலையை மூட்டைகட்டி விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் ஒருமுறை அதைச் செய்தவள். மாணவியாக இருந்தபோது இன்னொரு குழு முந்திக்கொண்டது. அவர்கள் காட்டிய விளைவில் பாதிதான் என் சோதனைகளில் வந்திருந்தது. தப்பு என் கையில்தான் என்று முடிவுகட்டி, நோட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சில வருடம் கழித்து வேறு லேப்கள் செய்து பார்த்தபோது அவர்களுக்கும் பாதிதான் வந்தது. என் நோட்டு அன்றே வெளியே வந்திருந்தால் எத்தனை பேருடைய உழைப்பு மிச்சமாகியிருக்கும்!

வானியலில் நடந்த ஒன்றை மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். 1990களில் இரண்டு குழுக்கள் தொலைதூர சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை) அளந்து, பிரபஞ்சம் விரியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப் போட்டிபோட்டன. ஒன்றுக்குத் தலைவர் சால் பெர்ல்மட்டர். மற்றதை பிரையன் ஷ்மிட் நடத்தினார். ஆடம் ரீஸ் அதில் இருந்தார். கடைசியில் இரண்டு குழுக்களுக்கும் கிடைத்தது தலைகீழான விடை: வேகம் குறையவில்லை, கூடுகிறது. ரீஸை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 1998 செப்டம்பரில் வந்தது, தொலைவிலுள்ள 16 சூப்பர்நோவாக்களோடு. பெர்ல்மட்டர் குழுவின் கட்டுரை 1999 ஜூனில், 42 சூப்பர்நோவாக்களோடு. ஒரே குழு சொல்லியிருந்தால், நடுவே தூசி மறைத்திருக்கும், கணக்கு பிசகியிருக்கும் என்று பலர் ஒதுக்கியிருப்பார்கள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே இடத்தில் வந்து நின்றதால்தான் அதற்கு அந்தப் பலம். 2011 இயற்பியல் நோபல் மூவருக்கும் பகிர்ந்து போனது.

ஆய்விதழ்களும் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 'பிளாஸ் பயாலஜி' 2018இல் வெளிப்படையாகவே அறிவித்தது: அதே போன்ற கட்டுரை வேறெங்காவது வந்து 6 மாதத்துக்குள் நீங்கள் அனுப்பினால், புதுமை இல்லை என்று தள்ள மாட்டோம். 'எம்போ ஜர்னல்' போன்றவற்றிலும் இப்படிப் பாதுகாப்பு உண்டு. இது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியவே இல்லை. கைடுகள்தான் சொல்லித்தர வேண்டும்.

சரி, அன்று காலைக்கு வருகிறேன். இருவரும் பென்சிலோடு உட்கார்ந்து அந்தக் கட்டுரையை வரிவரியாகப் படித்தோம். மூன்றாவது படத்துக்கு வந்ததும் அவள் நிமிர்ந்தாள். அவர்கள் ஒரே நெல் ரகத்தில்தான் செய்திருந்தார்கள். அவள் செய்தது மூன்று ரகங்களில். அதில் மூன்றாவது ரகத்தில் அந்த மரபணுவை முடக்கியும் பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாள் அவள் குறையாக நினைத்துப் பின்னிணைப்பில் தள்ளிவைத்திருந்த படம் அது.

அதை முன்னால் கொண்டுவந்து கட்டுரையைத் திருத்தி எழுதினாள். அந்த வாரமே 'பயோஆர்க்கைவ்' தளத்தில் முன்பதிப்பாக, அதாவது ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முன்பே எல்லோரும் படிக்கும்படி, ஏற்றினோம். இனி யார் என்ன வெளியிட்டாலும் அந்தத் தேதி அவளுடையது. ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் பத்தியிலேயே அந்தப் போட்டிக் கட்டுரையைக் குறிப்பிட்டோம். மறைப்பது தவறு, மறைத்தாலும் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார். (நீங்களே மதிப்பீட்டாளராக இருந்து போட்டிக் குழுவின் கட்டுரை கைக்கு வந்தால், படிக்கத் தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.)

அப்புறம் அந்தக் குழுவுக்கே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். தயங்கினாள். "அவங்க நம்மள ஒரு பொருட்டா நினைப்பாங்களா மேடம்?" மூன்று முறை எழுதி அழித்து, கடைசியில் முன்பதிப்பின் இணைப்போடு ஆறு வரி அனுப்பினாள்.

இரண்டே நாளில் பதில் வந்தது. உங்கள் மூன்றாவது ரகத்தின் விதை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். விதை வெளிநாடு போக தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இப்போது அதற்கான விண்ணப்பத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.