அஞ்சல்தலையின் பசையும் தோட்டத்து ஈரமும்

என் தந்தை ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் அவர் சேர்த்து வைத்த அஞ்சல்தலைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அவற்றுள் 1986-இல் வெளிவந்த மாநில வரிசையைச் சேர்ந்த இரண்டின் மீது அவருக்குத் தனி ஆசை உண்டு: 15 சென் தலையில் ரப்பர், 20 சென் தலையில் செம்பனை. அந்த 15 சென் தலையை அண்மையில் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, நடுப்பகுதி புதிதாகவே இருக்க, ஓரத்துப் பற்களின் நுனிகளில் மட்டும் தேயிலைக் கறை போன்ற பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

தாளிலிருந்து அஞ்சல்தலையைக் கிழித்தெடுக்கும்போது பற்களின் நுனியில் நார்கள் பிய்ந்து திறந்து நிற்கின்றன; ஈரத்தை முதலில் குடிப்பவை அவையே. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால், எங்கும் மிதக்கும் பூஞ்சை வித்துகள் அங்கே முளைக்கத் தொடங்குகின்றன. காகிதத்தில் உள்ள இரும்புத் துகள்கள் ஈரத்தில் துருவேறுவதும் இத்தகைய கறைக்கு ஒரு காரணம்.

நம் ஊரில் பிற்பகல் 32 பாகை வெப்பத்தில் 65 விழுக்காடு ஈரம் உள்ள காற்று, அதில் உள்ள நீராவி சிறிதும் கூடாமலே, விடியற்காலை 24 பாகைக்குக் குளிரும்போது நிறைவுநிலையை எட்டிவிடுகிறது. ஏனெனில் குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. குளிர்ந்த சிமெண்டுச் சுவரை ஒட்டி வைத்த ஆல்பம் அந்த ஈரத்தை இரவு முழுவதும் உறிஞ்சுகிறது. ஆகவே பெட்டியை எந்த நேரத்தில் திறந்து மூடுகிறோம் என்பது, எந்தப் பெட்டி என்பதைவிட முக்கியம் என்றே நான் கருதுகிறேன். என் தந்தை மாலை மழை ஓய்ந்த பிறகு, தேநீரோடு உட்கார்ந்துதான் டின்னைத் திறப்பார். பிறகு ஈரக்காற்றையும் உள்ளே வைத்தே மூடிவிடுவார். மழையற்ற நாளின் பிற்பகலில் திறந்து, இறுக்கமாக மூடியிருந்தால் அந்தக் காகிதங்கள் பிழைத்திருக்கும்.

பின்பக்கப் பசையின் கதையும் இதுவே. பழைய தலைகளில் பெரும்பாலும் கருவேல இனத்து மரம் ஒன்றின் பிசின் தடவப்பட்டது. அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீர் மூலக்கூறுகளை எளிதில் பற்றிக்கொள்வதால், ஈரத்தில் பசை இளகி அடுத்த பக்கத்தோடு ஒட்டுகிறது. ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த எடையே ஒட்டுவதற்கு உதவும். புத்தகம்போல் நிமிர்த்தி வைப்பதே நல்லது. மேலும், இந்தப் பசையும் ஈரமும் இராமபாணப் பூச்சியை வரவழைக்கும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் இட்டு வைக்கலாம். ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு பல நூறு சதுர மீட்டர் என்பதால் அது வியப்பூட்டும் அளவு நீரைப் பிடித்துவைக்கும். நிறம் மாறியதும் அடுப்பில் மிதமாகச் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். பிவிசி உறைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்லக் கசிந்து மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை அப்படிச் செய்யாது.

டின்னின் அடியில் இரண்டு தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து, அதற்கு மேலே, நீர் படாதவாறு ஒரு வலைத்தட்டில் அவற்றைக் கிடத்தி, மணிக்கொரு முறை பார்த்தேன். நான்காம் மணியில் ஓரம் தளர்ந்தது. இடுக்கியால் மெல்லப் பிரித்து, பசைப்பக்கம் மேலே இருக்கும்படி காற்றில் உலரவிட்டேன். அடுத்த நாள் பிற்பகல், வெயில் ஏறிய பிறகே அவற்றை உறைக்குள் இட்டேன்.