‘ஸ்பேஷியல் ஹியரிங்’: தமிழில் என்ன சொல்வது?

ஒரு காதில் காக்ளியர் கருவி (ஒலியை மின்துடிப்பாக்கிச் செவி நரம்புக்கு அனுப்ப, அறுவை சிகிச்சையில் வைக்கும் கருவி) பொருத்திய நான்கு வயதுக் குழந்தையை அம்மா சமையலறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிமிர்கிறது. வாசலைப் பார்க்கிறது, மாடிப்படியைப் பார்க்கிறது, அப்பா இருக்கும் அறையை எட்டிப் பார்க்கிறது. சமையலறைக்குக் கடைசியாகத்தான் வருகிறது. கூப்பிட்டது கேட்டது. எங்கிருந்து கூப்பிட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை. ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறியும் திறனுக்குத்தான் ‘ஸ்பேஷியல் ஹியரிங்’ என்று பெயர்.

‘ஸ்பேஷியல்’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘ஸ்பாட்டியும்’. பரப்பு, இடைவெளி என்று பொருள். ஜெர்மானிய ஒலியியல் அறிஞர் யென்ஸ் பிளவெர்ட் 1974-இல் தம் மொழியில் எழுதிய நூல், 1983-இல் ‘ஸ்பேஷியல் ஹியரிங்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. துறையில் இச்சொல் வேரூன்ற அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒலி வரும் திசையை அறிவது மட்டுமல்ல, அதன் தொலைவை உணர்வதும், சந்தடியிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுப்பதும் இதில் அடங்கும்.

இது இரண்டு காதும் சேர்ந்து செய்யும் வேலை. வலப்புறம் எழும் ஒலி வலக்காதை முதலில் தொடுகிறது. இடக்காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஏறக்குறைய முக்கால் பாகம் தாமதமாகும். கீச்சொலி என்றால் தலையே மறித்து, மறுபக்கத்தில் அதன் வலிமையைக் குறைத்துவிடும். நேர வேறுபாடு, வலிமை வேறுபாடு என்ற இந்த இரண்டு தடயங்களையும் 1907-இலேயே பிரிட்டன் இயற்பியலாளர் ரேலி விளக்கிவிட்டார்.

ஒரே காதில் கருவி இருக்கும் குழந்தைக்கு ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் இல்லை. இந்தியாவில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு காதில்தான் அறுவை சிகிச்சை நடக்கிறது என்பதால், இது எனக்கு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. இரு காதிலும் பொருத்தினால் இடம் வலம் தெரிவது வெகுவாக மேம்படுகிறது. இளவயதிலேயே பொருத்துவது கூடுதல் நன்மை. ஆனாலும் இயல்பாகக் கேட்கும் குழந்தைக்கு நிகராகிவிடுவதில்லை. காரணம், ஒலியின் வலிமை ஏறி இறங்குவதைக் கருவி நன்றாகக் கடத்துகிறது. ஆனால் ஒலி அலையின் நுண்ணிய நேரக் கணக்கைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. இரண்டு கருவிகளும் பொதுவாகத் தனித்தனியே இயங்குகின்றன.

சரி, தமிழ்ச் சொல்? ‘இடஞ்சார் கேட்டல்’ என்றால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். ‘திசைக்கேட்டல்’ அழகானது, ஆனால் தொலைவு விடுபட்டுப்போகிறது.

என் மனம் முதலில் போய் நின்றது ‘புலம்’ என்ற சொல்லில். ‘தென்புலத்தார்’ என்று தொடங்கும் குறளில் (43) புலம் என்பது திசை. ‘அடல்வேண்டும் ஐந்தன் புலத்தை’ என்னும் குறளில் (343) அதே சொல் ஐம்பொறிகள் நுகர்வதைச் சுட்டுகிறது. புலம்பெயர்ந்தோர் என்னும்போது இடம். நிலம் நிலன் ஆவதுபோல் புலம் புலனும் ஆகும். இடத்தையும் உணர்வையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது என்று எண்ணியபோது உண்மையிலேயே சிலிர்த்தது. ‘செவிப்புலம்’ என்றே வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் செவிப்புலன் என்பது கேட்கும் உணர்வு முழுவதற்கும் ஏற்கெனவே வழங்குகிறது. இலங்கையில் ‘செவிப்புலனற்றோர்’ அன்றாடச் சொல். ஓரெழுத்து வேறுபாட்டை நம்பிப் பெற்றோரைக் குழப்பக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை ‘இடமறி கேட்டல்’. இடத்தை அறியும் கேட்டல். இடம் என்பதில் திசையும் அடங்கும், தொலைவும் அடங்கும். “இடமறி கேட்டல் எப்படி இருக்கிறது?” என்று கேட்டல் பயிற்சியாளர் கேட்டால், அகராதியைத் தேடாமலே அம்மா பதில் சொல்லலாம்: “நேற்று குக்கர் விசிலடித்ததும் நேராகச் சமையலறைப் பக்கம் திரும்பினான்.”