பிக்கப்: தமிழில் அதிர்வுவாங்கி

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் சேர்ந்த பாகம்தான் பிக்கப். எடுத்துக்கொள்வது, பொறுக்கிக்கொள்வது என்று பொருள்படும் ஆங்கில வினையிலிருந்து வந்த பெயர். இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து ஒலியை எடுக்கும் முள்பகுதியையும் அப்படித்தான் சொன்னார்கள். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம் லாடக் காந்தங்களை வைத்துக் கிட்டாருக்கு ஒன்றைச் செய்தார். ரிக்கன்பேக்கர் என்ற கிட்டார் நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து அது புகழ்பெற்றது.

தமிழில் ‘ஒலிவாங்கி’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அது மைக்குக்கு உரிய சொல். மைக் காற்றில் வரும் ஒலியை வாங்குகிறது. பிக்கப்போ எஃகுக் கம்பி அசையும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை மின்சாரமாக்குகிறது. அதே கிட்டாரில் நைலான் கம்பியை மாட்டிப் பாருங்கள், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் ஒன்றும் கேட்காது. ஆகவே ‘அதிர்வுவாங்கி’ என்பதே சரி. பேச்சில் பிக்கப் இருக்கட்டும். எழுத்தில் இந்தச் சொல் நன்றாகவே நிற்கும்.

ஹெவி மெட்டல் வாசிக்கிறவர்கள் பிக்கப் மாற்றும்போது இந்த ‘வாங்கி’யை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அது பெருக்கி அல்ல. டிஸ்டார்ஷன் என்னும் கனமான கரகரப்பைத் தருவது ஆம்ப்பும் காலால் இயக்கும் பெடலும்தான். ட்யூனிங்கை இறக்கி, உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வேகமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா, கீழ்ஸ்தாயி குழைகிறதா என்பதில்தான் பிக்கப்பின் பங்கு தெரியும்.

இரட்டைச் சுருள் பிக்கப்பைக் குறிக்கும் ஹம்பக்கர் என்ற சொல்லும் அழகானது. ‘ஹம்’ என்பது மின்இணைப்பிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல். ‘பக்’ என்றால் எதிர்ப்பது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள், காந்தமுனையும் சுற்றுத் திசையும் எதிரெதிர்: இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். ‘இரைச்சலடக்கி’ எனலாம். டிஸ்டார்ஷன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால் கனமான இசைக்கு இதுவே வழக்கமான தேர்வு.

அப்புறம், ‘ஹாட்’ பிக்கப். இதைச் ‘சூடான’ என்று மொழிபெயர்த்தால் அபத்தமாகிவிடும், ‘வலுமிக்க’ போதும். 1970களில் டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப், செராமிக் காந்தத்தோடு வந்து இந்த வகைக்கு வழி திறந்தது. வாங்குபவர்கள் பலரும் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்தே வலுவை அளக்கிறார்கள். பழைய கிப்சன் வகைகள் 8 கிலோ ஓம் அளவில் இருக்கும். வலுமிக்கவை 13, 16 என்று போகும். ஆனால் மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். காந்தம் எது, எத்தனை சுற்று என்று தெரியாமல் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பொதுவாகச் செராமிக் இறுக்கமாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும். அல்னிகோ என்னும் உலோகக்கலவைக் காந்தத்தில் ஓரம் சற்று மழுங்கும்.

ஆக்டிவ், பாஸிவ் என்பதைச் ‘செயல்படும், செயல்படாத’ என்று எழுதினால் பாஸிவ் பிக்கப் பழுதானது போலாகிவிடும். ‘மின்கலமுள்ளது, மின்கலமற்றது’ என்பதே தெளிவு. இஎம்ஜி நிறுவனத்தின் 81 போன்ற ஆக்டிவ் வகையில் சிறு முன்பெருக்கி உள்ளேயே இருக்கும், 9 வோல்ட் பேட்டரி வேண்டும். இதற்கு மாறினால் வழக்கமான 500 கிலோ ஓம் வால்யூம் பாட்டை (ஒலியளவுக் குமிழின் மாறு மின்தடையை) 25 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும். கிட்டாரின் உடலில் பேட்டரிக்கு இடமும் வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், இருக்கும் பிக்கப்பின் உயரத் திருகைத் தொட்டுப் பாருங்கள். கம்பிக்கு மிக நெருக்கமாக வைத்தால் காந்தம் தடித்த கம்பியை இழுத்து சுருதியைக் குழப்பும். கால் திருகு, அரைத் திருகு என்று இறக்கிக்கொண்டே அதே ரிஃப்பை வாசித்துப் பார்த்தால், புதிதாக வாங்கத்தான் வேண்டுமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.