மானுக்குத் தழை, அடுப்புக்கு விறகு: ஒரே வெட்டில் இரண்டும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜனவரி மாதம். முழங்கால் அளவு பனி. பத்து ஏக்கர் காடு வைத்திருக்கும் ஒருவர் செயின்சாவால் ஒரு மேப்பிள் மரத்தைச் சாய்க்கிறார். இருட்டியதும் வெண்வால் மான்கள் வந்து, விழுந்து கிடக்கும் மரத்தின் நுனிக்கிளைகளைக் கடித்துத் தின்கின்றன. செயின்சா சத்தம் கேட்டாலே தீனி வந்துவிட்டது என்று தேடி வருகிற மான்களும் அந்தப் பக்கம் உண்டு. மரத்தை வெட்டினால் மானுக்குக் கேடு என்றுதானே நாம் நினைப்போம்?

முதிர்ந்த காடு பார்க்க அழகுதான், ஆனால் மானுக்கு எட்டுவது சுமார் 6 அடி உயரம் வரைக்கும்தான். மேலே கிளையும் இலையும் பின்னிக்கொண்டு வெயிலை மறித்துவிட்டால் தரையில் எதுவும் தழைக்காது. தலைக்கு மேலே டன் கணக்கில் இலை இருக்கும், மான் கீழே பட்டினி கிடக்கும்.

ஒரு அரை ஏக்கரில் மரங்களை வெட்டித் திறந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அதையும் குளிர்காலத்தில் வெட்டுவது நல்லது, ஏனென்றால் மேப்பிள் போன்ற மரங்கள் இலை உதிர்க்கும் முன்பே மாவுச்சத்தை வேரில் சேமித்து வைத்துவிடுகின்றன. வசந்தம் வந்ததும், சுமக்க மரமே இல்லாத அந்த வேர், இருக்கிற சேமிப்பையெல்லாம் அடிக்கட்டையின் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகளுக்கு அனுப்புகிறது. வெட்டிய கரும்பில் மறுதாம்பு கிளம்புவது போலத்தான். ஒரே கட்டையைச் சுற்றி இருபது முப்பது குருத்துகள், எல்லாம் இளசு, எல்லாம் மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில்.

இதற்குப் பதிலாக மக்காச்சோளத்தை மூட்டையாக வாங்கிக் கொட்டினால் என்ன? தயவுசெய்து வேண்டாம். மானும் மாடு மாதிரி அசைபோடும் பிராணி, அதன் வயிற்றில் செரிமானத்தைச் செய்வது நுண்ணுயிர்கள். குளிர்காலத்தில் அவை குச்சியையும் மொட்டையும் செரிக்கப் பழகியிருக்கும். திடீரென்று தானியம் வந்து இறங்கினால் அது வேகமாகப் புளித்து, அமிலம் பெருகி, வயிறு நிறைந்திருக்கும்போதே மான் செத்துப்போகலாம். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் பொங்கலை அளவுக்கு மீறி ஊட்டாதீர்கள் என்று நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான்.

சரி, வெட்டிய மரம் வீட்டுக்கு வரட்டும். பச்சை ஓக் கட்டையின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். உண்மையில் அடுப்பில் கொழுந்துவிட்டு எரிவது கட்டை அல்ல, சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயு. அந்த வாயு முழுவதும் எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரக்கட்டை போட்டால் நெருப்பு தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே களைத்துப்போகிறது, சூடு ஏறாது, எரியாத வாயு புகையாகப் போய்க் குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிகிறது. ஒருநாள் அந்தத் தார் பற்றிக்கொண்டால் வீட்டுக்கே ஆபத்து. அதனால்தான் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும் என்கிறார்கள். மரத்துக்குள் தண்ணீர் ஓடிய நுண்குழாய்கள் நீளவாக்கில் இருப்பதால் ஈரம் முக்கியமாக வெட்டுமுனை வழியாகத்தான் வெளியேறும், பட்டை அதை விடாது. எனவே குட்டையாக அறுத்து, பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஓக் காய இரண்டு வருடம்கூட ஆகும். முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு விட்டிருந்தால், இரண்டு துண்டுகளைத் தட்டும்போது 'டங்' என்று கேட்டால், காய்ந்துவிட்டது. ஈரமானது 'தொப்' என்னும்.

எதை வெட்டுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு மரகதப் பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது, அதன் புழு பட்டைக்குள் குடைந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. அந்தப் பட்ட மரங்கள் நல்ல விறகு, ஆனால் உளுத்த கிளை தலையில் விழும், எச்சரிக்கையாக வெட்ட வேண்டும். விறகோடு வண்டும் பயணம் போகும் என்பதால் வெட்டியதை அந்த வட்டாரத்திலேயே எரித்துவிட வேண்டும். நன்றாகக் காய்க்கும் வெள்ளை ஓக்கைத் தொடாதீர்கள், அதன் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் இலையுதிர்காலத்தில் அதைத் தின்றுதான் கொழுப்பு ஏற்றுகிறது. அதை நெருக்கும் பக்கத்து மரங்களை எடுத்தால் ஓக்கின் தலை விரியும், காய்ப்பும் கூடும்.

நல்ல காடு ஏக்கருக்கு வருடத்தில் அரை கார்ட் முதல் ஒரு கார்ட் வரை விறகு வளர்க்கும் (ஒரு கார்ட் என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீள அடுக்கு). அதற்குள் வெட்டினால் காடு குறையாது.

மான் அதிகமாகிவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு தவறும், குருத்து வர வர மேய்ந்து அடிக்கட்டையையே சாகடித்துவிடும். அதற்கு ஒரு எளிய வழி, விறகுக்கு ஆகாத முள்ளும் கிளையுமான கழிவைச் சில அடிக்கட்டைகள் மேலும் ஓக் கன்றுகளைச் சுற்றியும் இடுப்பளவு குவித்துவிடுவது. மான் உள்ளே தலையை நுழைக்க முடியாமல் வெளியே நீட்டிய நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போகும். குவியல் மக்குவதற்குள் நடுவிலிருக்கும் கன்று அதன் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.